எடுத்த பாடம்

"ஹிஸ்டரிய முதல்லயே எடுத்துடலாம்னு சொல்லிட்டேன்" என்றான் கணவன். வாசலில் குனிந்து, நனைந்த காலுறையை உரித்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னான்.

கணினி வரலாற்றை முதலில் நடத்திவிடலாம், மற்றதெல்லாம் பிறகு என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னதோ, அதைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம் என்று. பாடம் எடுப்பதென்றால் நடத்துவது. பாடத்தை எடுப்பதென்றால் தூக்கிப் போடுவது. நடுவில் இருப்பது ஒரு சின்ன உருபு. வீட்டுப் பேச்சில் அதுவும் தேய்ந்துபோயிருந்தது.

"நிஜமாவா?" கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள். "நீங்களா சொன்னீங்க?"

"ம். நான்தான்."

"பிரின்சிபால் ஒத்துக்கிட்டாரா?"

"உடனே ஒத்துக்கிட்டார்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இவளுக்காக வெளியே ஒரு வார்த்தை பேசியதாகச் செய்தி வந்ததில்லை. "நான் என்னென்னமோ நெனச்சிட்டிருந்தேங்க. உங்களுக்கு என் பாடமே பிடிக்காதுன்னு. நானே தப்பா நெனச்சிட்டேன் போல."

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. தப்பைத் திருத்த ஒரு வாய் போதும். அதற்குள் அந்த வாய்க்கு அவள் தேநீர் கொண்டுவந்துவிட்டாள், வழக்கத்தைவிடப் பெரிய கோப்பையில். குடித்தான்.

இருவரும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில், ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர்கள். அந்தப் பாடத்தின் பெயர் ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இப்போதைக்கு 'டிஜிட்டல் புதுமை'. கணினி எப்படி வந்தது என்பது முதல் பகுதி, அது அவளுடையது. ஒரு பொருளை எப்படி வடிவமைப்பது, இனி என்ன வரப்போகிறது என்ற மற்ற இரண்டும் அவனுடையவை. மாணவர்கள் அவளுக்கு 'மியூசியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் 'நெக்ஸ்ட்?' என்று கேட்பதால் அவனுக்கு 'நெக்ஸ்ட்'. மியூசியமும் நெக்ஸ்ட்டும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே வாசலில் ஒரு கூட்டம் நிற்கும்.

பாட நேரத்தைக் குறைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தபோது, கல்லூரி முதல்வர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "மூணுல ஒண்ணு போகணும். எதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. உங்களுக்கு அந்த வசதி இருக்கே" என்று சிரித்தார். வரலாறு போனால் அவளுக்கு நடத்த வேறு எதுவும் இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே ஒரு மேசை போட்டு, மாணவர்களுக்கு விசைப்பலகையும் வயரும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிவைக்கும் வேலை காத்திருந்தது. வேலை போகாது. வகுப்பு போகும். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது மட்டுமே தனக்கு ஒரு முதுகெலும்பு இருப்பதாக உணர்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டில் அவர்கள் பேசவில்லை. அவன் நேராகப் போய் முடிவைச் சொல்லிவிட்டு வந்தான். கையில் ஆதாரமும் வைத்திருந்தான். 'எந்த வகுப்பில் அதிகம் போன் பார்க்கிறீர்கள்?' என்று மாணவர்களைக் கேட்டிருந்தான். வரலாற்று வகுப்பில் என்று சொல்லியிருந்தார்கள். அவன் வகுப்பிலும் முழுநேரமும் போன்தான் பார்த்தார்கள். அங்கே அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

*

மழை விடாத மாதம். மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் துணி காயவே இல்லை. நாற்காலி முதுகு, கதவுப் பிடி, ஜன்னல் கம்பி என்று எங்கும் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டு அரைகுறை ஈர வாடை வீசியது. முன்னறையில் நாத்தனார் சோபா உறை தைத்துக்கொண்டிருந்தாள். கணவனின் அக்கா, புருஷன் விட்டுவிட்டுப் போனபின் தன் தையல் மிஷினோடு வந்து சேர்ந்தவள். நுரைப்பஞ்சுத் துண்டுகள் அறையெங்கும் பறந்தன. சாப்பிடும் முட்டையில்கூட ஒரு நூல் வரும். யாராவது முகம் சுளித்தால் "நூல்தானே, ஆணி இல்லையே" என்பாள்.

அடுப்படியில் அவள் உருளைக்கிழங்கை வேகவைத்து இறக்கினாள். குமிழைத் திருகி அணைத்துவிட்டு, "நீயும் தூங்கு" என்றாள் அடுப்பிடம். விளக்கு, மின்விசிறி, துணி துவைக்கும் மிஷின், எதை அணைத்தாலும் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து விழும். தான் சொல்வதே அவளுக்குத் தெரியாது.

"நல்லவேளை, அது திருப்பிப் பேசுறதில்ல" என்றாள் நாத்தனார் முன்னறையிலிருந்து. "இந்த வீட்டுல ஏற்கெனவே ஆள் அதிகம்."

"நீங்க ஒருத்தர் பேசுறதே பத்து ஆளுக்குச் சமம், அண்ணி."

சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பெட்டி அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வெட்ட உட்கார்ந்தாள். பழைய கணினிகளுக்குத் துளையிட்ட அட்டையில்தான் எதையும் எழுதிக் கொடுப்பார்கள். வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, தங்கள் பெயரைத் துளைகளாகப் போட்டுப் பார்க்கச் சொல்ல நினைத்திருந்தாள்.

"என் கத்திரிய எடுக்காதே. அட்டை வெட்டினா முனை போயிடும்" என்றாள் நாத்தனார்.

"எடுக்கல. இது அடுப்படிக் கத்திரி."

"எதுக்கு இவ்வளவு?"

"எல்லாருக்கும் வேணும்ல. இதுல எண்பது வரிசை அண்ணி. வரிசைக்கு ஒரு எழுத்து. அப்புறம் திரை வந்தப்போ அதுலயும் ஒரு வரிக்கு எண்பது எழுத்துதான் வச்சாங்க. ஏன்னு கேளுங்க."

"கேட்கலன்னா விட்டுடுவியா?"

"அட்டை எண்பதா இருந்துச்சு, அதான். அட்டை போயிடுச்சு. அதோட அளவு மட்டும் எவ்வளவோ காலம் இருந்துச்சு. யாருக்குமே தெரியாது எங்கேருந்து வந்துச்சுன்னு."

"இத நீ போன வருஷமும் சொன்னே."

"சொன்னேனா?"

"அதுக்கு முந்தின வருஷமும்."

அவள் சிரித்தாள். ஓரத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்த கணவன் சிரிக்கவில்லை. அட்டைகள் அடுக்கடுக்காக உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படி ஜன்னல் காற்றில் மூடிக்கொள்ளாதிருக்க ஒரு மரக்கட்டை முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அடியில் இரண்டு சக்கரமும் மேலே ஒரு பொத்தானும் உள்ள கட்டை. முதன்முதல் செய்யப்பட்ட மவுஸ் அப்படித்தான் மரத்தில் இருந்தது என்று காட்டுவதற்காகத் தச்சரிடம் சொல்லிச் செய்தது. போன வருஷம் வகுப்பில் அதை ஒருவன் சோப்புப் பெட்டி என்றான். அவள் எழுந்துபோய் அதை எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

"இவ்ளோ மெனக்கெட வேண்டாமே" என்றான் கணவன்.

"முதல்லயே எடுக்கிறதுன்னா சும்மாவா? நான் நல்லா எடுத்தாதானே உங்க டிசைன் அவங்களுக்கு ஏறும்."

"இல்ல… எடுக்கிறதுன்னா…"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பார்த்துக்கலாம்."

எப்படியும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அவள் படித்துக்கொள்வாள். கெட்ட செய்தியை மனிதர் சொல்லக் கூடாது, திரையே சொல்லிவிட வேண்டும், அதுதான் நல்ல வடிவமைப்பு என்று அவன் வகுப்பில் நடத்துவதுண்டு. தன் பாடத்தைத் தானே நம்புகிற ஆசிரியன் என்ற பெருமை அவனுக்கு இருந்தது.

"உம் மூஞ்சி ஏன்டா வெந்த கிழங்கு மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

"வேலைக்கா."

"ஆமா, பெரிய வேலை. காலையிலேருந்து அந்தப் பெட்டியில ஒரு வட்டத்த வலப்பக்கம் நகர்த்துறே, இடப்பக்கம் நகர்த்துறே. நான் ஒரு சோபாவே முடிச்சிட்டேன்."

"அது ஐகான்."

"எதுவா இருந்தா என்ன? கடைசியில முதல்ல இருந்த இடத்துக்கே கொண்டாந்து வச்சிட்டே. பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

*

கண்காட்சி நாளன்று அவளுக்கு அங்கே வேலை ஏதும் இல்லை. அன்று எல்லாம் அவனுடைய ஏற்பாடு. மாணவர்கள் தாங்கள் செய்த பொருள்களை மேசைகளில் வைத்துக் காட்டுவார்கள். திங்கட்கிழமைக்கு அறை கேட்கலாம் என்று அவளாகத்தான் போனாள். பையில் அட்டைகளும் மரமவுஸும் இருந்தன. கூடத்து வாசலில் முதல்வர், குடையிலிருந்து சொட்டும் நீரைத் தன் காலணியில் படாமல் உதறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பெரிய மனசு உங்களுக்கு. ஹிஸ்டரிய எடுத்ததுக்கு அப்புறமும் வந்திருக்கீங்களே."

"இன்னும் எடுக்கல சார். திங்கக்கிழமைதான் ஆரம்பிக்கிறேன்."

"எதை?"

"ஹிஸ்டரியத்தான். முதல்லயே எடுத்துடலாம்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்களாமே."

"ஆமா, எடுத்தாச்சே."

"யாரு எடுத்தா?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"அவருக்கு ஹிஸ்டரி எடுக்க வராதே சார்."

முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவிமார் கணவன்மாரைக் கேலி செய்வதை ரசிக்கிற பெருந்தன்மை அவருக்கு உண்டு. அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்தபின்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"எடுத்துட்டோம்னா… தூக்கிட்டோம் மேடம். சிலபஸ்லேருந்து. அவர் சொல்லலையா? அவரேதான் வந்து சொன்னார், டேட்டாவோட. வீட்டுல பேசிட்டீங்கன்னு நெனச்சேன்."

"பேசினோம் சார்" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேசியதும் உண்மைதான்.

கூடத்தின் மறுகோடியில், ஒலிவாங்கியின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற கணவன் இவர்கள் இருவரையும் பார்த்தான். பார்த்துவிட்டு, தூரத்தில் தெரிந்தவரைக் கண்டால் செய்வதுபோலக் கையை ஆட்டினான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாக்கின் அடியில் கசப்பாக, கிட்டத்தட்டச் சுவையாக ஏதோ ஊறியது. அது கோபம் இல்லை. கோபத்துக்கு எதிராளி மீது கொஞ்சம் மரியாதை வேண்டும். 'நானே தப்பா நெனச்சிட்டேன் போல' என்று அவனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டபின்னும் கோப்பையைக் காலி செய்துவிட்டு, கழுவுதொட்டியில் வைத்துவிட்டுப் போன மனிதன்.

மதிப்பெண் போட வேண்டிய விரிவுரையாளர் ஒருவர் காய்ச்சலில் வரவில்லை. முதல்வர், குற்ற உணர்வை எப்படியாவது இறக்கிவைக்க வேண்டிய அவசரத்தில், அவளை அந்த இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். ஒரு பேனா கொடுத்தார்கள். அன்றைக்கு அவளிடம் பேனா கொடுத்தது அவர்கள் செய்த பிழை.

சுவரில் கணவனின் விதி பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: 'பயனர் பேசும்போது படைத்தவர் பேசக் கூடாது.' ஒரு பொருளைச் செய்தவன், அதைப் பயன்படுத்துகிறவர் பேசும்போது நடுவில் புகுந்து விளக்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். விதிக்குக் கீழே ஒரு நாற்காலி. 'பயனர்' என்று முதுகில் எழுதியிருந்தது. நாளின் முடிவில் யாரையாவது அதில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

எல்லா மேசையிலும் ஒரே படம் இருந்தது. கணினி வரைந்த ஒரு பெண் முகம். கொண்டை, மங்கலான கண்கள், மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு புன்னகை. கீழே விவரம் அச்சடித்திருந்தார்கள். *நடுத்தர வயது. படித்தவர். புதியதைக் கண்டால் ஒதுங்குவார். சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். பொருள்களோடு பேசுவார். பாராட்டினால் எதையும் நம்புவார்.*

"இது யாரு?" என்று கேட்டாள்.

"யூஸர் மேடம்" என்றாள் முதல் மேசையில் நின்ற கண்ணாடி போட்ட பெண். போன வருஷம் இவள் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவள். "எங்க எல்லாருக்கும் இவங்கதான் யூஸர். இவங்க கஷ்டத்தப் போக்குறதுக்கு ஒரு பொருள் செய்யணும்."

"இப்படி ஒருத்தி நிஜத்துல இருக்காளா?"

"இருக்காங்களாம். சார் ரொம்ப நாளா பக்கத்துலேருந்தே கவனிச்சு எழுதினாராம்."

"கவனிச்சாரா? உங்க சாரா?" என்றாள். பேச்சு தானாக வந்தது, சாணை பிடித்தாற்போல. "பக்கத்துல இடி விழுந்தாலே அவருக்குக் கேட்காது. இது உட்கார்ந்த இடத்துல கட்டிவிட்டது. படிச்சவளாம், புதுசக் கண்டா ஒதுங்குவாளாம், யாராவது நாலு வார்த்தை நல்லதா சொன்னா நம்பிடுவாளாம். இவ்வளவு பெரிய மண்டு எங்க இருப்பா? இருந்தாலும் இவளுக்கு எதுக்கும்மா பொருள் செய்யறீங்க? இவளையே மாத்திட்டு வேற ஆள் வச்சுக்கலாமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மியூசியம் மேடத்துக்கு இப்படிப் பேச வரும் என்று யாருக்கும் தெரியாது. 'பயனர் பற்றிய புரிதல்' என்ற கட்டத்தில் அவள் முட்டை போட்டாள். அடுத்த மேசைக்கும் அதே முட்டை. அங்கே ஒரு கைப்பட்டை வைத்திருந்தார்கள். பயனர் ஒரே கதையை இரண்டாம் முறை சொன்னால் மணிக்கட்டில் அதிரும். மூன்றாம் முறை இன்னும் பலமாக அதிரும். "நாலாவது தடவை கை துண்டாயிடுமா?" என்று கேட்டாள். எழுத எழுத மனசு லேசானது. கணவன் கற்பனையில் பெற்றெடுத்த இந்த அசட்டுப் பெண்ணைக் கிழிப்பது அவனையே கிழிப்பதுபோல இருந்தது. கூடத்தின் மறுகோடியில் அவன் அசையாமல் நின்றான். அவள் முகத்தை அல்ல, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், எங்களோடத முழுசா பார்க்கல நீங்க" என்று கண்ணாடிக்காரி கூப்பிட்டாள். முட்டையை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு. மேசையில் ஒரு சின்ன அடுப்பும் அதன் மேலே வெள்ளையாக உருண்டையாக ஒரு கருவியும் இருந்தன. "யூஸர் தனியா பேசிட்டிருக்காங்க, யாரும் பதில் சொல்றதில்ல. அதுக்கு எங்க கண்டுபிடிப்பு. பாருங்க."

குமிழைத் திருகி அணைத்தாள். பிறகு, நடுத்தர வயதுப் பெண்ணைப் போலக் கழுத்தை ஒருபுறம் சாய்த்து, இழுத்த குரலில் சொன்னாள்: "நீயும் தூங்கு!"

உருண்டைக் கருவி பச்சையாக மின்னியது. "சரிம்மா. நீங்களும் தூங்குங்க" என்றது.

கூடமே சிரித்தது. முதல்வர் கைதட்டினார்.

அவள் கையில் பேனா அப்படியே நின்றது. காதுக்குள் மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. மேசையில் இருந்த முகத்தை மறுபடி பார்த்தாள். கொண்டை. மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு. 'மண்டு' என்று சொன்னது அவளுடைய குரல்தான். முட்டை போட்டது அவளுடைய கைதான்.

கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது ஒற்றை அறையில். சுவிட்சு கதவுக்குப் பக்கத்தில், பாய் மறுகோடியில். அவன்தான் எழுந்துபோய் விளக்கை அணைப்பான். அணைத்துவிட்டு, குழந்தையிடம் சொல்வதுபோல அந்தப் பல்பிடம் சொல்வான்: "நீயும் தூங்கு." பிறகு இருட்டில் எதிலாவது முட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு வந்து படுப்பான். மின்விசிறிக்குச் சொல்வான். வானொலிக்குச் சொல்வான். அவள் போர்வைக்குள் சிரிப்பாள். முன்பின் தெரியாத ஒருவனோடு வாழ்ந்துவிடலாம் என்ற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான். அவன் எப்போது அதை நிறுத்தினான் என்று அவளுக்கு நினைவில்லை. அவன் விட்டதை அவள் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பொட்டு வைப்பதுபோல், தலை வாருவதுபோல் அது அவளோடு வந்துவிட்டது.

அவன் மறந்துவிட்டான். மறந்தது மட்டுமா? தான் போட்டுவிட்டுப் போனதை இவளிடம் கண்டெடுத்து, நோய் என்று பெயர் வைத்து, ஒரு வகுப்புக்கே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறான்.

அவள் எழுந்தாள். நடந்துபோய், 'பயனர்' என்று எழுதிய நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேள்வி கேட்கணும்ல? கேளுங்க. யூஸர் வந்தாச்சு."

மாணவர்கள் குதூகலமானார்கள். மேடம் அந்தப் பெண்ணாக நடிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கணவன் வேகமாக வந்தான். "இல்ல, இது வேண்டாம். மேடம் மார்க் போடுறவங்க, அவங்க வந்து…"

"சார், ரூல்!" என்று கண்ணாடிக்காரி சுவரைக் காட்டினாள்.

அவன் சுவரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"நீங்க ஏன் அடுப்புகூடல்லாம் பேசுறீங்க?" என்று கண்ணாடிக்காரி தொடங்கினாள்.

"வீட்டுல பேசிப் பார்த்தேன். அடுப்பே தேவலாம்னு தோணுச்சு."

சிரிப்பு.

"சொன்ன கதையவே ஏன் சொல்றீங்க?"

"முதல் தடவை சொன்னப்போ எல்லாரும் போன் பார்த்துட்டிருந்தாங்க."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் தயங்கி வந்தது.

"புதுசுன்னா உங்களுக்குப் பயமாமே?"

"புதுசுன்னு சொல்லிட்டு வர்றவரோட இருபது வருஷத்துக்கு மேல குடித்தனம் பண்றேன். இனிமே எதுக்குப் பயம்?"

"பாராட்டினா எதையும் நம்புவீங்களா?"

"ஆமா" என்றாள். "அது ஒண்ணுதான் சரியா எழுதியிருக்கு. ஒரு கோப்பை டீ குடிக்கிற நேரத்துக்குள்ள நம்பிடுவேன்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரி தாளைக் கீழே வைத்துவிட்டாள். நடிப்பு இல்லை என்பது அவளுக்கு மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். அடுத்த கேள்வி தாளில் இல்லாதது. போன வருஷம் முழுக்க மியூசியம் மேடம் ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிப்பிடித்து வகுப்பைக் கேட்ட கேள்வி அது.

"இந்த 'நீயும் தூங்கு'… இது எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு கணம் காத்தாள். நினைவு வர ஒரு கணம் போதும். அவன் தலையை நிமிர்த்தினான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். குறித்துக்கொள்ளத் தயாராகத் தாளின்மேல் வைத்தான். கண்களில் உண்மையான ஆர்வம் இருந்தது. அவனுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது.

அவமானம் என்றால் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. படமோ முட்டையோ வகுப்பு போனதோ இல்லை. அந்தப் பேனா.

"அதெல்லாம் பழசும்மா" என்றாள். "நெக்ஸ்ட்?"

யாரிடமும் அடுத்த கேள்வி இல்லை. முதல்வர்தான் எழுந்து கைதட்டினார். "பிரமாதம்! என்ன ஒரு ஐடியா! ரெண்டு பேரும் சேர்ந்து ப்ளான் பண்ணீங்களா? மேடம், உங்கள விடப்போறதில்ல. நீங்க இந்தக் கோர்ஸ்லயே இருங்க. ஒவ்வொரு பேட்சுக்கும் வந்து இப்படி உட்காருங்க, பசங்க கேட்கட்டும். நிரந்தர யூஸர்! எப்படி?"

மியூசியத்தையும் நெக்ஸ்ட்டையும் சமமாகத் திருப்திப்படுத்திவிட்ட மகிழ்ச்சி அவர் முகமெல்லாம் வழிந்தது.

"வேண்டாம் சார்" என்றாள் அவள் பையை எடுத்துக்கொண்டு. "அந்த வேலைய வீட்டுல ஏற்கெனவே பார்த்துட்டிருக்கேன். வயரும் கீபோர்டும் எடுத்துக் கொடுக்கிற மேசை எங்கன்னு சொல்லுங்க. அதுங்க என்னைப் பத்தி எழுதாது."

*

ஸ்கூட்டரில் திரும்பினார்கள். மழையங்கிக்குள் மழை சொட்டியது. வீட்டுக்கு வந்ததும் அவள் ஈரத்துணிகளை எல்லாம் சேர்த்து மிஷினில் போட்டாள். மரமவுஸை எடுத்து மறுபடி ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தாள். அட்டைகளை அப்படியே அடுக்காக நாத்தனார் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்குங்க அண்ணி. உறைக்குள்ள ஓரத்துக்கு வச்சுத் தைங்க, விறைப்பா நிக்கும்."

"ஏன், கிளாஸ் என்னாச்சு?"

"ஆயிடுச்சு."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அடுப்படிக்குப் போய் முட்டை உடைத்து ஊற்றினாள், திருப்பினாள், தட்டில் போட்டாள், அடுப்பை அணைத்தாள். குமிழ் திரும்பிய சத்தம் மட்டும் கேட்டது. அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து, அரைகுறையாகக் காய்ந்த துணியை மடிக்க உட்கார்ந்தாள். மிஷின் துவைத்து முடித்து, தன் பாட்டைப் பாடிவிட்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டியபடி நின்றது. அவள் போய் அணைத்துவிட்டுத் திரும்பினாள். எதுவும் சொல்லவில்லை.

தையல் மிஷினின் சக்கரம் நின்றது. "என்னடி இது" என்றாள் நாத்தனார். "இன்னிக்கு எதுவும் தூங்கலையா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். கணவன் ரொட்டியைத் தள்ளிவைத்தான். வகுப்பில் இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டான்.

"அது… எங்கேருந்துதான் வந்துச்சு? சொல்லேன்."

அவள் ஒரு தலையணை உறையை நீவினாள். நீளவாக்கில் மடித்தாள். பிறகு குறுக்கே மடித்தாள். அவனைப் பார்க்காமலே, சமையலுக்கு உப்பு போதுமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தப் பாடத்தத்தான் நீங்க முதல்லயே எடுத்துட்டீங்களே."

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊசியில் நூலைக் கோத்து, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தம்பியைக் கேட்டாள்.

"நீயே எடுத்தியாடா? அப்ப உனக்குத் தெரியாமலா இருக்கும்?"